வாட்சங் ரிசர்வேஷன்: "வெறும் மரம்தானே?" என்று கேட்டவருக்கு

அக்டோபர் 12, 2025, காலை 7.40

வாசகர் ஒருவர் கேட்டது: "எடிசனுக்குக் குடிவந்து இரண்டு வருஷம் ஆகிறது. எல்லோரும் சொல்கிறார்களே என்று போன வாரம் வாட்சங் ரிசர்வேஷனுக்குக் குடும்பத்தோடு போனோம். குழந்தைகள் ஊஞ்சல் ஆடினார்கள், கொஞ்ச தூரம் நடந்தோம். வெறும் மரம்தான். அங்கே பார்க்க அப்படி என்ன இருக்கிறது?"

ஊஞ்சல் என்றால் 'லூப்' என்ற விளையாட்டுத் திடல் பக்கம் போயிருக்கிறீர்கள். அங்கே கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பினால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நியூ ஜெர்சியின் யூனியன் கவுன்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) நடத்தும் இந்தக் காட்டுப் பூங்கா சுமார் 2,000 ஏக்கர். இரண்டு மலை முகடுகள், நடுவில் பள்ளத்தாக்கு, அதன் அடியில் புளூ புரூக் என்ற ஓடை, அந்த ஓடையை மறித்து உண்டான லேக் சர்ப்ரைஸ் ஏரி. காட்டைச் சுற்றிவரும் சியரா டிரெயில் மட்டுமே பத்து மைலுக்குக் கிட்ட வரும். ஒரு நாளில் பார்த்து முடிக்கிற இடமில்லை.

அடுத்த முறை கிளென்சைட் அவென்யூ பக்கம் காரை நிறுத்திவிட்டு ஃபெல்ட்வில் வழியாக இறங்குங்கள். மரத்தை அண்ணாந்து பார்ப்பதற்கு முன்னால் தரையைப் பாருங்கள். இந்தக் காட்டின் நிலைமை என்ன என்பது இடுப்பு உயரத்துக்குக் கீழேதான் தெரியும். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அக்டோபர் 12, இரவு 10.15

ஃபெல்ட்வில் என்றால் என்ன என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சரி, அதிலிருந்தே தொடங்கலாம்.

காட்டுக்குள் கேட்டராக்ட் ஹாலோ ரோடு என்று ஒரு சிறிய தார்ச்சாலை. அதன் ஓரமாக வரிசையாக மர வீடுகள். பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும், ஆனால் இடிந்து விழவில்லை, கவுன்டி பராமரிக்கிறது. நியூயார்க்கில் எழுதுபொருள் வியாபாரம் செய்த டேவிட் ஃபெல்ட் 1845 வாக்கில் இங்கே நிலம் வாங்கி, ஓடையில் அணை கட்டி, காகிதம், அச்சு, பைண்டிங் வேலைகளுக்கு ஒரு ஆலை வைத்தார். தொழிலாளர்களுக்கு வீடு, பள்ளிக்கூடம், கடை, வழிபாட்டு இடம் எல்லாம் அவரே கட்டினார். ஊரே அவர் சொல்படி நடந்ததால் 'ராஜா டேவிட்' என்றே அவருக்குப் பெயர். 1860இல் விற்றுவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு வாங்கியவர்களுக்கு எந்தத் தொழிலும் கைகூடவில்லை. 1882இல் வாரன் ஆக்கர்மன் என்பவர் வாங்கி, வீடுகளுக்கு மரத்தூண் வைத்த முன்திண்ணை போட்டு, கிளென்சைட் பார்க் என்று கோடைக்கால விடுதியாக மாற்றினார். நியூயார்க் வெயிலுக்குப் பயந்து மலைக்கு வந்தவர்கள் பிறகு கடற்கரைக்குப் போக ஆரம்பித்தார்கள். 1916இல் விடுதியும் மூடிற்று.

அந்த ஆலை இருந்த இடத்துக்கு இறங்கிப் பாருங்கள். கட்டடம் எதுவும் மிச்சமில்லை, ஓடை மட்டும்தான். நான் அங்கே போனால் வெகுநேரம் நின்றுவிடுவேன். முதலாளியும் ஆலையும் ஊரும் போன பிறகு காடு திரும்பி வந்திருக்கிறது. நீங்கள் பார்த்த "வெறும் மரம்" பல இடங்களில் அப்படி வெட்டி முடித்த நிலத்தில் மறுபடி முளைத்தது. ஆதிகாலத்துக் காடு என்று நினைத்து நடந்தால் பாதிதான் புரியும்.

அக்டோபர் 13, காலை 6.55

பேய் ஊரா என்று கேட்கிறவர்களுக்கு: இல்லை. அங்கே வில்காக்ஸ் குடும்பத்தாரின் சின்ன இடுகாடு ஒன்று உண்டு. ஃபெல்ட் வருவதற்கு நூறு வருஷம் முன்பே அங்கே குடியேறி மர அறுவை ஆலை நடத்திய குடும்பம். குழந்தைகளைப் பயமுறுத்த அந்த இடத்தைக் காட்டாதீர்கள். நிஜமாக வாழ்ந்தவர்கள் புதைந்திருக்கும் இடம்.

அக்டோபர் 15, இரவு 9.30

"கறுப்பாகப் பாறை தெரிந்தது, எரிமலையா?" என்று ஒருவர். எரிமலைக் குழம்புதான். ஆனால் கூம்பாக நின்ற மலையிலிருந்து வழிந்தது இல்லை. சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் பிரிய ஆரம்பித்தபோது பூமி வெடித்த நீண்ட பிளவுகள் வழியாகக் குழம்பு பொங்கிப் பரவி இறுகியது. பிறகு அடுக்குகள் சாய்ந்தன, மென்மையான மணற்பாறை தேய்ந்து போனது, குழம்பு இறுகி உண்டான கெட்டியான பசால்ட் பாறை முகடாக நின்றுவிட்டது. நம் ஊர்க்காரர்களுக்கு மகாராஷ்டிரத்துத் தக்காணப் பாறை தெரிந்திருக்கும். அதுவும் இதே வகை. வயது ஆறரைக் கோடி ஆண்டுதான், வாட்சங்குக்கு ரொம்ப இளையது.

இந்த முகடுகள் வெறும் காட்சிக்கு இல்லை. அமெரிக்க விடுதலைப் போரில் வாஷிங்டனின் படை இந்தத் தொடருக்குப் பின்னால்தான் பாதுகாப்பாகத் தங்கியது. 1780 ஜூன் 23 அன்று ஸ்பிரிங்ஃபீல்டில் சண்டை நடந்ததே பிரிட்டிஷ் படை இந்த மலையின் இடைவெளி வழியாக, வாஷிங்டனின் படைத் தளம் இருந்த மாரிஸ்டவுனுக்குப் போகப் பார்த்ததால்தான். சிலருக்கு இது அலுப்பாக இருக்கும், விட்டுவிடுகிறேன்.

அக்டோபர் 19, மாலை 6.20

இன்று காலையில் போய் வந்தேன். முதல் குறிப்பில் தரையைப் பாருங்கள் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன்.

பாதையோரம் ஓர் இடத்தில் ஆள் உயரத்துக்கு மேலே கம்பி வேலி இருக்கிறது. உள்ளே கவுன்டி மரக்கன்று நட்டிருக்கிறது. வேலிக்கு வெளியே நின்று குனிந்து பார்த்தேன். ஜப்பானியப் புல், வெளுத்துப்போய்ப் படர்ந்திருக்கிறது. நடுநடுவே பார்பெரி என்ற சிவப்புக் காய் முட்புதர். வேறொன்றும் இல்லை. என் தலைக்கு மேலே அறுபது எழுபது அடி உயரத்தில் ஓக், டூலிப் மரம், மேப்பிள் எல்லாம் பிரமாதமாக நிற்கின்றன. அவற்றுக்கும் தரைக்கும் நடுவே காலி. ஒரு கல்லை விட்டெறிந்தால் தடையில்லாமல் நூறு அடி போகும். வேலிக்கு உள்ளே பார்த்தால் முழங்கால் உயரத்தில் ஓக் கன்று, ஸ்பைஸ்புஷ் புதர், பெயர் தெரியாத கொடிகள். மண் ஒன்று, மழை ஒன்று, வெயில் ஒன்று. உள்ளே நட்டதும் தானாக முளைத்ததும் பிழைத்திருப்பது நடுவில் உள்ள கம்பியால்தான்.

காரணம் மான். வெள்ளை வால் மான் தனக்குப் பிடித்த கன்றுகளையெல்லாம் மேய்ந்துவிடுகிறது, பார்பெரியையும் அந்தப் புல்லையும் தொடாது. ஆகவே பெரிய மரம் விழுந்தால் அந்த இடத்துக்கு வர வாரிசு இல்லை. புதரில் கூடு கட்டும் வுட் த்ரஷ் பறவைக்கு இடமில்லை, தரையில் கூடு வைக்கும் ஓவன்பேர்டுக்கு மறைவில்லை. காடு நிற்கிறது, ஆனால் அடுத்த தலைமுறை இல்லாமல் நிற்கிறது. வாட்சங்கைப் பற்றி நான் சொல்ல நினைப்பது இதுதான்.

வரும் வழியில் ஒரு கறுப்பு பிர்ச் மரத்தின் சுள்ளியை ஒடித்து முகர்ந்தேன். அயோடெக்ஸ் வாசனை அடித்தது. அடிக்கத்தான் வேண்டும், மெத்தில் சாலிசிலேட் என்ற அதே பொருள்தான் இரண்டிலும். குழந்தைகளுக்குச் செய்து காட்டுங்கள், கீழே விழுந்த சுள்ளியாகப் பார்த்து.

அக்டோபர் 20, இரவு 11.05

நேற்றைய குறிப்பின் கீழே ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: "மானைச் சுடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வாயில்லா ஜீவன். நீங்கள் அதை ஆதரிக்கிறீர்களா?"

ஆதரிக்கிறேன். நான் சைவம். வீட்டில் எறும்புக்கு மருந்து வைப்பதற்கே அம்மா சம்மதிக்க மாட்டார். அதனால் இதைச் சுலபமாகச் சொல்லிவிடவில்லை.

1994 முதல் கவுன்டி இங்கே மான் எண்ணிக்கையைக் குறைக்கிறது. பயிற்சி பெற்றவர்கள், குறிப்பிட்ட நாட்களில், மரத்தின் மேலே அமைத்த இருக்கையிலிருந்து கீழ்நோக்கிச் சுடுகிறார்கள். தோட்டா தரையில்தான் இறங்கும் என்பதற்காக அப்படி. இறைச்சி உணவு வங்கிக்குப் போகிறது, ஏழை வீடுகளின் தட்டுக்கு. பொழுதுபோக்கு வேட்டை வேறு, இது வேறு.

"இயற்கையை அதன் போக்கில் விடுங்கள்" என்கிறீர்கள். எந்த இயற்கை? ஓநாயையும் மலைச்சிங்கத்தையும் மனிதன் எப்போதோ ஒழித்துவிட்டான். நரி மாதிரியான கொயோட்டி இருக்கிறது, மான் குட்டிகளைப் பிடிக்கும், அவ்வளவுதான். 1900 வாக்கில் நியூ ஜெர்சியில் மானே அரிது. சட்டம் போட்டு, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டுத்தான் பெருக்கினார்கள். பிறகு புறநகர் வந்தது: வீட்டுத் தோட்டம், புல்வெளி, ஹோஸ்டா செடி, துப்பாக்கி கிடையாது. மானுக்கு இதைவிட நல்ல நாடு ஏது? மானும் நாம் பெருக்கியது, காடும் நாம் வெட்டி மறுபடி வளர்ந்தது. இரண்டில் ஒன்றுக்கு மட்டும் கருணை காட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பசியில் எலும்பு தெரியும் மானைப் பிப்ரவரி பனியில் பார்த்தவன் நான். அதுவும் சாவுதான்.

அக்டோபர் 21, காலை 7.10

"கருத்தடை ஊசி போடலாமே?" நல்ல கேள்வி. தீவு மாதிரி அடைபட்ட இடத்தில் ஓரளவு பலன் தந்திருக்கிறது. இங்கே நாலு பக்கமும் ஊர். மான் ராத்திரி ஒரு தோட்டம், காலையில் இன்னொரு காடு என்று போய்வரும். பெட்டை மான்களில் பெரும்பகுதியைப் பிடித்து ஊசி போட வேண்டும், மருந்தைப் பொறுத்துத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். அப்படியே வெற்றி பெற்றாலும் இருக்கிற மான் சாகும் வரை மேய்ந்துகொண்டேதான் இருக்கும். பிடித்து வேறு இடத்தில் விடலாம் என்றால், பயணத்தின் அதிர்ச்சியிலேயே பல மான்கள் இறந்துவிடும். கொண்டுபோய் விட இடமும் கிடையாது, எல்லா ஊரிலும் இதே கதை.

மனசு கேட்கவில்லை என்று நீங்கள் சொன்னால் அதை மதிக்கிறேன். அந்த வேலியைப் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். மேற்கொண்டு பேசுவோம்.

அக்டோபர் 25, மதியம் 1.45

உண்ணி. இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும் என்று நண்பர் சொல்கிறார், நியாயம்தான்.

குளிர் வந்துவிட்டது, பூச்சி போய்விட்டது என்று நினைக்காதீர்கள். லைம் என்ற பாக்டீரியா நோயைப் பரப்பும் கறுங்கால் உண்ணியின் வளர்ந்த பெண் அக்டோபர், நவம்பரில்தான் மும்முரமாகத் திரியும். மே முதல் ஜூலை வரை இளம் உண்ணி, கசகசா அளவு, கண்ணில் படாது. அதுதான் அதிகம் பேருக்கு நோய் தருவது. மானோடும் வெண்கால் சுண்டெலியோடும் சேர்ந்து வாழும். பார்பெரிப் புதருக்குள் ஈரம் தங்குவதால் அங்கே உண்ணி கூடுதல். மேலே சொன்ன விஷயம் எல்லாம் இங்கே வந்து சேர்கிறது பாருங்கள்.

நான் செய்வது: முழுக்கால் பேன்ட், அதன் நுனி காலுறைக்குள். வெளிர் நிறத் துணி, ஊர்ந்தால் தெரியும். துணிக்கும் ஷூவுக்கும் மட்டும் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து அடித்துக் காயவைத்துவிடுவேன், தோலில் போடக் கூடாது. பாதையின் நடுவிலேயே நடக்க வேண்டும், போட்டோவுக்காகப் புதருக்குள் குழந்தையை நிறுத்தாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் துணியை நேரே டிரையரில் சூட்டில் பத்து நிமிஷம். வெந்நீர் இல்லாமல் துவைத்தால் மட்டும் சாகாது, காய்ந்த சூடு கொல்லும். அப்புறம் குளியல், முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, காதின் பின்புறம், தலைமுடி எல்லாம் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். நீளமான கூந்தல் உள்ள பெண் குழந்தைகளுக்கு நேரம் எடுத்துப் பாருங்கள்.

கடித்திருந்தால் மெல்லிய முனை உள்ள ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். தீக்குச்சி, நெயில் பாலிஷ், எண்ணெய் எதுவும் வேண்டாம். பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் கிருமி ஏறும், ஆகவே அன்றிரவே பார்ப்பது முக்கியம். பிறகு வட்டமாகச் சிவந்து பெரிதாகிக்கொண்டே போனாலோ காய்ச்சல், மூட்டுவலி வந்தாலோ டாக்டரிடம் காட்டில் நடந்ததைச் சொல்லிக் கேளுங்கள். ஆரம்பத்திலேயே மருந்து எடுத்தால் நன்றாகக் குணமாகும். எனக்குத் தெரிந்த ஒருவர் "ஏதோ அலர்ஜி" என்று இருந்துவிட்டார். முழங்கால் வீங்கி, மாடி ஏற முடியாமல் மாதக்கணக்கில் அவதிப்பட்டார்.

மூன்று இலை சேர்ந்த கொடி மரத்தில் ஏறியிருந்தால் தொடாதீர்கள், தோலில் பட்டால் அரிப்பெடுக்கும் பாய்சன் ஐவி அது. இந்தச் சமயத்தில் அழகான சிவப்பாக இருக்கும். இலைக் குவியல் சேகரிக்கும் குழந்தைகளுக்கு இதை முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

அக்டோபர் 26, இரவு 8.50

இன்று ஏரிக்கரையில் நம் குழு ஒன்றைப் பார்த்தேன். ஐந்தாறு குடும்பம், புளியோதரை, தயிர் சாதம், சுண்டல், பார்க்கவே சந்தோஷமாக இருந்தது, கூப்பிட்டு ஒரு தட்டும் கொடுத்தார்கள். இரண்டு விஷயம் மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். வாத்துக்கு மிச்சச் சோறு போடாதீர்கள், கூட்டம் சேர்ந்து கரையெல்லாம் எச்சமாகும், ஏரித் தண்ணீரில் பாசி பெருகும். இன்னொன்று ஸ்பீக்கர். பாட்டு எனக்கும் பிடித்த பாட்டுதான். ஆனால் பள்ளத்தாக்கில் சத்தம் எதிர் முகடு வரை கேட்கிறது. பைலியேட்டட் மரங்கொத்தி ஒன்று பட்ட மரத்தைப் பிளக்கிற சத்தத்தைக் கேட்கத்தான் அங்கே சிலர் வருகிறார்கள். நல்லபடியாக எடுத்துக்கொண்டார்கள்.

நவம்பர் 2, மாலை 5.30

இன்றிலிருந்து கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால். ஐந்து மணிக்கு முன்பே சூரியன் போய்விடுகிறது. பூங்கா இருட்டினால் மூடும். மதியம் மூன்றுக்கு மேல் சியரா டிரெயிலில் கால் வைக்காதீர்கள். இலை உதிர்ந்து பாதையை மூடியிருக்கும், மரத்தில் உள்ள வண்ணக் குறியை வைத்துத்தான் போக வேண்டும். அரையிருட்டில் எல்லா நிறமும் சாம்பல்தான்.

"வடக்குப் பக்கம் லாரி சத்தம் தாங்கவில்லை" என்று எழுதியவருக்கு: அது ஐ-78. அந்த நெடுஞ்சாலைக்கு எதிராக இங்குள்ளவர்கள் வருஷக்கணக்கில் போராடினார்கள். கடைசியில் 1986இல் காட்டின் வட ஓரத்தைத் தின்றுகொண்டுதான் திறந்தது. ஆனால் போராட்டம் வீண் போகவில்லை. சாலைக்கு மேலே மண் கொட்டிச் செடி வைத்த பாலங்கள் கிடைத்தன, விலங்குகள் கடந்துபோக. காரில் அந்தப் பக்கம் போகும்போது தலைக்கு மேல் புதர் மண்டிய பாலம் தெரியும், அதுதான். இப்படி மண் போட்ட விலங்குப் பாலம் அமெரிக்காவில் அப்போது மிக அபூர்வம். முழுதும் தடுத்திருந்தால் எனக்கு இன்னும் திருப்தி.

நவம்பர் 9, காலை 10.20

மான் மட்டும்தான் குற்றவாளி என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது, அதனால் இது.

பீச் மரத்தின் இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நரம்புகளுக்கு இடையே பட்டை பட்டையாகக் கரும்பச்சை தெரிந்தால் நோய். கண்ணுக்குத் தெரியாத புழு ஒன்று மொட்டுக்குள் புகுந்து செய்யும் வேலை. ஒஹையோவில் 2012இல் முதலில் கவனித்தார்கள், நியூ ஜெர்சிக்கு 2020இல் வந்தது. ஆஷ் மரங்கள் இன்னும் மோசம். பட்டைக்கு அடியில் குடையும் பச்சை வண்டு 2014இல் இந்த மாநிலத்தில் முதலில் அகப்பட்டது பிரிட்ஜ்வாட்டரில், நம்மில் பாதிப் பேர் பாலாஜி கோயிலுக்குப் போகும் அதே ஊர். இன்று வாட்சங்கில் பட்டை உரிந்து வெளுத்து நிற்கும் மரங்களில் பல ஆஷ். அதற்கு முன்னால் செஸ்ட்நட் போனது, 1904இல் நியூயார்க்கில் கண்ட பூஞ்சையால்.

முதிர்ந்த மரம் இப்படி ஒன்றன்பின் ஒன்றாகப் போகும்போது கீழே கன்று இருந்தால் காடு தாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் அந்த வெளிச்சத்தில் புல்லும் பார்பெரியும் ஏறும். மான் விஷயத்தில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்பது இப்போது புரிந்திருக்கும். வேலி போட்டுக் காப்பாற்றலாமே என்றால், 2,000 ஏக்கரையும் வேலி போட முடியாது. வேலி இருக்கும் இடத்திலும் ஒரு கிளை விழுந்து கம்பி சாய்ந்தால் ஒரே வாரத்தில் மேய்ந்துவிடும். ஆள் வேண்டும், பணம் வேண்டும். கவுன்டி கூட்டங்களில் பூங்காச் செலவு பேச்சுக்கு வரும்போது நம்மவர்கள் போய்ப் பேசுவதேயில்லை. வரி கட்டுகிறோம், குழந்தைகள் இங்கேதான் வளர்கிறார்கள். பேசலாம்.

நவம்பர் 16, காலை 8.05

ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள் அண்ணா. அப்பாவுக்கு எழுபத்திரண்டு, முழங்கால் வலி. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறார். கைக்குழந்தையும் இருக்கிறது. எங்கே கூட்டிப்போகலாம்?"

டிரெயில்சைடுக்குக் கூட்டிப்போம்மா. மவுன்டன்சைடில் நியூ புராவிடன்ஸ் ரோட்டில் இருக்கிறது. 1941இல் தொடங்கியது, மாநிலத்தின் முதல் இயற்கை அருங்காட்சியகம். நுழைவுக் கட்டணம் இல்லை. உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும், உட்காரலாம், கழிப்பறை உண்டு. ஸ்ட்ரோலரை உள்ளேயே தள்ளலாம். அப்பாவுக்குத் தெம்பு இருந்தால் இன்னொரு நாள் ஃபெல்ட்வில். தார்ச்சாலைதான், கல் முள் இல்லை. ஆனால் போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். அதனால் பாதித் தூரத்திலேயே திரும்பிவிடுங்கள். ஊரில் அப்பாவுக்கு விவசாயம் என்றால் அந்த வேலியையும் காட்டுங்கள், ஆடு மேய்ந்த கொல்லையைப் பார்த்தவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்காது.

கிளம்பும் முன் கவுன்டி இணையதளத்தில் பூங்கா பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். குளிர்காலத்தில் மான் குறைப்பு நாட்களில் காட்டின் பகுதிகளை மூடுவார்கள். மூடிய பலகை இருந்தால் பக்கவாட்டில் நுழையாதீர்கள், யார் சொன்னாலும். அம்மாவுக்குக் காதை மூடும் தொப்பியும் வாங்கிக் கொடுங்கள், முகட்டில் காற்று பலமாக இருக்கும்.